தண்ணீர் கேட்ட சிவப்புப் பூ

1964 மார்ச் 9, திங்கள்

மழை. இந்த ஊரில் அதை எழுதவே தேவையில்லை. மழை இல்லாத நாளை மட்டும் குறித்து வைத்தால் போதும், நோட்டும் மிச்சமாகும்.

காலை ஆறரைக்குச் சுரங்கத்துக் கொட்டகை. பெல்ட்டில் ஓடுகிற கரியிலிருந்து கல்லைப் பொறுக்கிப் பின்னால் எறிகிற அதே வேலை. பக்கத்தில் நிற்கும் தோ அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டாள்: "எத்தனை மாசம்?"

நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படித் தெரியும் என்றேன்.

"கல்லெடுத்துட்டு நிமிரும்போது இடுப்புல கை வைக்கிற. போன வாரம் வரைக்கும் வைக்கல."

மூன்று மாதம். தோ அக்காவின் வாய்க்கு முந்திக்கொள்ள வேண்டுமே என்று சாயங்காலம் நானே அத்தையிடம் சொன்னேன். அத்தை கையைத் துடைத்துக்கொண்டு, "இந்தத் தடவையாவது" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. மூலையில் பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மூத்தவள் போங்-யாவ் தலையைத் தூக்கினாள். ஒன்பது வயது. அவள் பெயருக்கே 'வந்தது வந்துவிட்டது, வளர்ப்போம்' என்றுதான் அர்த்தம். பெயர் வைத்ததும் அத்தைதான்.

இந்த வீட்டில் ஜப்பானிய எழுத்து எனக்கு மட்டும் தெரியும். ஜப்பான்காரர்கள் இந்தத் தீவை ஆண்டபோது ஐந்து வருஷம் அவர்கள் பள்ளியில் அடி வாங்கிக் கற்றது. இந்த நோட்டுக்காவது உதவுகிறது.

மார்ச் 11

சூ-ஆவ் போகும் ரயில் கடந்து போகும் வரை பாதை ஓரத்தில் நின்றேன். வழக்கமாக நிற்பதில்லை, திரும்பிக்கொள்வேன்.

லானுக்கு இப்போது ஆறு வயது. என் இரண்டாவது மகள். நாற்பத்திரண்டு நாள் என்னிடம் இருந்தாள். சூ-ஆவ் துறைமுகத்தில் ஒரு மீன்பிடிக்காரர் வீட்டில் குழந்தை இல்லை. ஒரு பெண்ணை எடுத்து வளர்த்தால் பின்னாலேயே ஆண் பிறக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தரகுக்காரி வந்தாள், அத்தை சரி என்றாள். என் கணவர் தியென்-சாய் கரிக்கூடையில் துணி விரித்து, குழந்தையை வைத்து ஸ்டேஷனுக்கு நடந்தார். பெற்றவள் பார்க்க வரக்கூடாது என்பது பேச்சு.

அதற்குப் பிறகும் மூன்று வாரம் எனக்குப் பால் சுரந்தது. சாக்கடையில் பீய்ச்சினேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

மார்ச் 15, ஞாயிறு

லியென் அம்மாவை அத்தை கூட்டி வந்துவிட்டாள். லியென் அம்மா காலையில் தெருத்தெருவாக டோஃபு விற்பாள், ஞாயிறு மதியம் சாமியாடுவாள். இரண்டுக்கும் ஒரே குரல்தான் என்று தோ அக்கா கேலி செய்வாள். இன்று அப்படி இல்லை.

எங்களில் ஒவ்வொரு பெண்ணுக்கும் கீழுலகத்துத் தோட்டத்தில் ஒரு பூமரம் உண்டு. பெண் பிள்ளை சிவப்புப் பூ, ஆண் பிள்ளை வெள்ளைப் பூ. லியென் அம்மா என் மரத்தைப் பார்க்கப் போனாள். மேசையில் நெற்றியை வைத்து விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். தட்டல் நின்றது. வந்த குரல் மெலிசாக, தூரத்திலிருந்து கூப்பிடுகிறவள் குரலாக இருந்தது.

"மரம் நிக்குது. இலை மஞ்சள். அடியில புழு இருந்துச்சு, எடுத்துட்டேன்."

"பூவைச் சொல்லுங்க" என்றாள் அத்தை.

"ரெண்டு சிவப்பு. ஒண்ணு நல்லா நிக்குது. இன்னொண்ணு…" விரல் மறுபடி தட்டியது. "இன்னொண்ணு தண்ணி கேக்குது."

"மொட்டு?"

"இருக்கு. சிவப்பு."

அத்தை பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது. "மாத்திக் குடுங்க."

"தோட்டக்காரி சும்மா குடுக்க மாட்டா. வெள்ளை ஒண்ணு வேணும்னா சிவப்பு ஒண்ணு குடுக்கணும்."

"அந்தத் தண்ணி கேக்குறதை எடுத்துக்கச் சொல்லுங்க" என்றாள் அத்தை. "அதைத்தான் ஏற்கெனவே குடுத்தாச்சே."

வீட்டில் கிடக்கும் பழைய போர்வையைத் தூக்கிக் கொடுப்பது போலச் சொன்னாள். லியென் அம்மா நிமிர்ந்து, டீ குடித்து, தன் சொந்தக் குரலில் சொன்னாள்: "பறிக்கிறது தாயோட கைதான். அவ கண்ணைக் கட்டிகிட்டு அவளே போகணும். நாலாம் மாசம் முடியறதுக்குள்ள."

பஞ்சாங்கம் பார்த்து ஏப்ரல் 12 என்று வைத்திருக்கிறார்கள். அதுவரை என் மரத்துக்கு அடையாளமாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கல்வாழைத் தொட்டி. தினம் காலையில் நான் தண்ணீர் ஊற்ற வேண்டும். இலை வாடினால் பழி என் மேல்.

மார்ச் 17

பறித்தால் லானுக்கு என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அதில் என்ன இருக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

அத்தை மேட்டுத் தோட்டத்தில் கீரை பறிக்கப் போயிருந்தாள். போங்-யாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, தண்ணிச் சாடிகிட்ட ஒரு பொண்ணு வருது."

"எந்தப் பொண்ணு?"

"தெரியல. மதியச் சங்கு ஊதினதும் வருது. சாடியைப் பாத்துகிட்டே நிக்குது. தண்ணி வேணுமான்னு கேட்டேன். கையை நீட்டல."

"எவ்வளவு உயரம்?"

தன் தோளுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். ஆறு வயது உயரம்.

"மழையில வந்திருந்தா நனைஞ்சிருக்குமே?"

போங்-யாவ் யோசித்தாள். "தலை காய்ஞ்சிருந்துச்சு. கால் மட்டும் ஈரம்."

சீப்பு என் கையிலிருந்து விழுந்தது. லானைப் பற்றி இவளுக்கு ஒன்றும் தெரியாது. அப்போது இவளுக்கு மூன்று வயது. தங்கை பிறந்ததே நினைவில்லை. நாங்களும் சொன்னதில்லை.

மார்ச் 24

தோ அக்காவிடம் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். "ரயில் பாதையில கரி பொறுக்கற பிள்ளைங்க எத்தனையோ. அதுல ஒண்ணா இருக்கும். பிள்ளைத்தாச்சிக்குப் பாக்கறதெல்லாம் பேய்தான்" என்றாள். சிரித்தேன். சிரித்தால் மனம் லேசாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை.

மார்ச் 30

தலைசுற்றலால் கொட்டகையிலிருந்து பதினொரு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். வீட்டில் யாரும் இல்லை. பனி இறங்கி எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. கட்டிலில் படுத்திருந்தேன். மதியச் சங்கு ஊதியது.

சாடி மூடி நகரும் சத்தம் கேட்டது. மூடி மரம், நன்றாகத் தெரியும் எனக்கு அந்தச் சத்தம்.

எழுந்து போகவில்லை. பயந்தேன், அதுதான் உண்மை. உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே, சத்தம் நின்று வெகுநேரம் கழித்துப் போனேன். மூடி மூடித்தான் இருந்தது. காலையில் கழுத்து வரை நிரப்பியிருந்தேன். ஒரு சாண் இறங்கியிருந்தது.

தரையில் கால் தடம். சின்னது. எங்கள் வீட்டுத் தரையில் எப்போதும் கரித்தூள். யார் நடந்தாலும் கருப்பாகத்தான் பதியும். இது சுத்தமான ஈரம். சாடியிலிருந்து முன்னோர் பெயர்ப்பலகைகள் வைத்த மாடம் இருக்கும் அறை வரை போய், வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றிருந்தது. இரண்டு பாதமும் ஒட்டினாற்போல. படி தாண்டவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது, விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

எங்களுடையது மலைத் தண்ணீர். கடல் ரயிலில் போக வேண்டிய தூரத்தில் இருக்கிறது.

ஏப்ரல் 2

காலையில் லியென் அம்மாவின் டோஃபு வண்டியைத் தெருமுனையில் மறித்தேன். "நான் பறிக்க மாட்டேன்" என்றேன்.

"நல்ல டோஃபு, எடுத்துக்க" என்றாள் சத்தமாக. அடுத்த வீட்டுக்காரி கதவைத் திறந்திருந்தாள். அவள் உள்ளே போனதும் மெதுவாக, "உன் மாமியார் சாமி வாக்குன்னு பிடிச்சுகிட்டா. நான் வேண்டாம்னா வேற ஆளைக் கூட்டி வருவா" என்றாள்.

"அப்ப நான் என்னதான் பண்றது?"

டோஃபுவை இலையில் சுற்றியபடி சொன்னாள்: "கண்ணைக் கட்டினப்புறம் என்ன தெரியுதுன்னு கட்டிகிட்டவளுக்குத்தான் தெரியும். நான் உள்ள வந்து பாக்க முடியாது. உன் மாமியாரும் முடியாது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே மென்றுகொண்டு வந்தேன்.

ஏப்ரல் 5

கல்லறைகளைச் சுத்தம் செய்யும் நாள். மாமனார் கல்லறை மேட்டில் புல் வெட்டும்போது தியென்-சாயிடம் கேட்டேன், லானை அந்தக் கூடையில் கொண்டு போனபோது அவள் அழுதாளா என்று. ஆறு வருஷத்தில் இப்போதுதான் கேட்கிறேன்.

அவர் அரிவாளை நிறுத்தவில்லை. "தூங்கினா" என்றார். கொஞ்சம் கழித்து, "ஸ்டேஷன்ல முழிச்சா. என் விரலைச் சப்பினா. விரலெல்லாம் கரி" என்றார்.

கீழே இறங்கும்போது இருமிக்கொண்டே இருந்தார். அவர்மேல் ஆறு வருஷமாக வைத்திருந்த கோபத்தில் பாதி இன்று போய்விட்டது. மீதியை வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 11

நாளைக்குச் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துவிட்டேன்: 'சிவப்புப் பூ வேற வேலிக்குள்ள நிக்குது. அதைக் கொண்டுவந்து இந்த வீட்டு மண்ணுல வெச்சாத்தான் வெள்ளை பூக்கும்.'

சாமி பெயரில் பொய். பாவம்தான். அத்தைக்கு வெள்ளைப் பூ மேல் இருக்கும் ஆசை பெரிது. அந்த ஆசையையே பிடித்து இழுத்தால் லான் வந்துவிடுவாள். நாளைக்கு வாய் குழறாமல் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது.

சிவப்புத் துணியால் கண்ணைக் கட்டினார்கள். துணிக்குள் நெற்றியில் மந்திரத்தாள். வெறுங்காலைச் சாமிக்கு எரிக்கும் தங்கத்தாள் மேல் வைத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். லியென் அம்மா பாட, அவள் ஆள் ஒருத்தி மேசையை அடித்தாள். நெடுநேரம் ஒன்றும் இல்லை. எரிகிற தாளின் நெடி, அத்தையின் மூச்சு, அவ்வளவுதான். சரி, பொய்யைச் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். ஒரு வார்த்தை பிசகவில்லை. அதுவரை எனக்கு நினைவிருக்கிறது.

அப்புறம் காலுக்குக் கீழே தாள் ஈரமானது. குளிர்ந்த தண்ணீர், கணுக்கால் வரை. அப்புறம் என்ன என்று தெரியவில்லை. துணியை அவிழ்த்தபோது அத்தை சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். தங்கத்தாள் நொறுங்கக் காய்ந்து கிடந்தது.

ஏப்ரல் 13

தோ அக்காவும் நேற்று இருந்தாள். பெல்ட்டுச் சத்தத்தில் காதோடு வாய் வைத்துச் சொன்னாள்: "மொதல்ல நீ பேசின, சரி. அதுக்கப்புறம் பேசினது யாரு?"

"என்ன பேசினேன்?"

"'தண்ணி குடு'ன்ன. மூணு தடவை. அப்புறம் 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ'ன்ன. சின்னப் புள்ளைக் குரல்டி, பிக்-ஹா. உன் மாமியாரைப் பாத்துச் சொன்ன."

நான் அதை மனப்பாடம் செய்யவில்லை.

ஏப்ரல் 19

அத்தை காலை ரயிலில் சூ-ஆவ் போய்விட்டாள். தனியாக. உலர்ந்த முள்ளங்கி ஒரு பை, கோழி ஒன்று. நான் வருகிறேன் என்றதற்கு, "வயித்தோட சும்மா கிட" என்றாள். ஏழு நாளாக என் கண்ணை நேராகப் பார்ப்பதில்லை.

லானுக்குப் போங்-யாவின் பழைய சட்டையைப் பிரித்துத் தைத்தேன். அளவு தெரியாது. ஊகம்தான்.

ஏப்ரல் 21

வந்துவிட்டாள்.

எப்படி எழுதுவது. மழைக்கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு அத்தைக்குப் பின்னால் வந்தாள். ஒல்லி. வெயிலில் கருத்த முகம், கையெல்லாம் சிப்பி கீறின தழும்பு. "இதான் உன் அம்மா" என்றாள் அத்தை. பிள்ளை என் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. தியென்-சாய் சுரங்கத்திலிருந்து நேராக வந்தார், கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளை. அவளைப் பார்த்தார், திரும்பி வெளியே போனார். அரை மணியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்போடு வந்தார். "சரியா இருக்கா?" என்றார். அவர் அழுதிருந்தார், கரியில் கோடு தெரிந்தது.

வெந்நீர் வைத்து அவள் காலைக் கழுவினேன். ஆறு வருஷமாக ஏங்கின வேலை.

என் அப்பா வழியில் எல்லாருக்கும் கால் சுண்டுவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருக்கும். எனக்கு உண்டு, போங்-யாவுக்கு உண்டு. லானுக்கும் இருந்தது, பிறந்த அன்றே தடவிப் பார்த்திருக்கிறேன்.

இவளுக்கு நகம் முழுசு. இரண்டு காலிலும்.

வளர வளர மாறலாம். மாறுமா? தண்ணீர் ஆறும் வரை கழுவிக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 22

போங்-யாவுக்கு இன்று அரைநாள் பள்ளி. சாயங்காலம் என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, இவ அந்தப் பொண்ணு இல்ல."

"எந்தப் பொண்ணு?"

"சாடிகிட்ட வர்றது. அது இன்னைக்கும் வந்துச்சு. இவ அதைப் பாத்துட்டு அடுப்புக்குப் பின்னால போய் உக்காந்துகிட்டா."

மே 3, ஞாயிறு

பன்னிரண்டு நாளாக அவளாகப் பேசவில்லை. வேலையைச் சொல்லுமுன் செய்கிறாள். கஞ்சி ஊற்றினால் பாதியை மிச்சம் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள், திட்டுவேனா என்று. லான் என்று கூப்பிட்டால் ஒரு நொடி தாமதித்துத் திரும்புகிறாள்.

இன்று அத்தை கோயிலுக்குப் போனாள். நானும் இவளும் துணி பிழிந்துகொண்டிருந்தோம். மதியச் சங்கு ஊதியதும் இவள் கை நின்றது. சாடிப் பக்கம் பார்த்தாள். எனக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை.

"யாரு நிக்கிறா?" என்றேன்.

"லான்" என்றாள்.

துணியைப் போட்டுவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன். "அப்ப நீ யாரு?"

"சுன்." உதடு வெளுத்துவிட்டது. "என்னை அனுப்பிடுவீங்களா?"

மெல்ல மெல்லக் கேட்டு வாங்கினேன். அந்த வீட்டில் எடுத்து வளர்த்த பெண்கள் இரண்டு பேர். லான் வந்த அடுத்த வருஷமே அவர்களுக்கு ஆண் பிறந்தது. இன்னொரு மகன் வேண்டுமென்று சுன்னையும் எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பாய். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லானுக்கு அம்மை வார்த்தது.

"தண்ணி கேட்டா. அம்மையில தண்ணி குடுத்தா உள்ள இறங்கிடும்னு சொன்னாங்க. சாடியில பூட்டு போட்டாங்க. நான் கடலுக்குப் போய்க் கையில அள்ளிட்டு வந்தேன். உப்பா இருக்குன்னு துப்பிட்டா." பிழிந்த துணியை மறுபடி பிழிந்தாள். "வேற தண்ணி எனக்குக் கிடைக்கல."

நான் அழவில்லை. ஒரு கணம் இந்தப் பிள்ளையை வெறுத்தேன். நீ இருக்கிறாய், அவள் இல்லையே என்று. எழுதி வைக்கிறேன், இந்த நோட்டில் நல்லவளாக இருந்து யாருக்கு என்ன லாபம். அப்புறம் பார்த்தால் அந்தச் சின்னக் கை இரண்டையும் சேர்த்துக் குழித்து வைத்துக்கொண்டிருந்தாள், எப்படி அள்ளினாள் என்று காட்ட. இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் அழுகை வந்தது, இரண்டு பேருக்கும்.

மே 4

அத்தை மூங்கில் குருத்து உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"லான் செத்துப்போனது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

உரிப்பது நிற்கவில்லை. "அங்க போனப்பதான்."

"தெரிஞ்சும் இவளைக் கூட்டி வந்தீங்க."

"அதே வயசுல இன்னொண்ணு இருக்கு, வேணுமான்னு கேட்டாங்க. நான் என்னடி பண்ணட்டும்? சாமி கேட்டது ஒரு சிவப்புப் பூ. வெறுங்கையோட எப்படி வர்றது?" பிறகு குரல் இறங்கியது. "அன்னைக்கு என்னையே பாத்துச் சொன்னியே, கூட்டிட்டுப் போன்னு. அது உன் குரல் இல்ல. எனக்குத் தெரியும். கையில ஒண்ணு இல்லாம அந்த ரயில்ல ஏற எனக்குத் தைரியம் வரல."

நான் பொய் சொன்னேன், அவள் ஒரு பொய்யைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். யாரை நான் ஏசுவது. ஆனாலும் ஏசினேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். போர்வையைக் குடுக்கற மாதிரி குடுத்தீங்களே, அவ ஒரு வாய் தண்ணிக்குச் செத்தா, தெரியுமா உங்களுக்கு என்று கத்தினேன். அத்தை கத்தியை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். எனக்குத்தான் அலுத்துப்போனது.

மே 10

லியென் அம்மாவிடம் கேட்டேன், லான் ஏன் படி தாண்டி உள்ளே வருவதில்லை என்று.

"எப்படி வரும்? கல்யாணமாகாம செத்த பொண்ணுக்குப் பொறந்த வீட்டு மாடத்துல பேர்ப்பலகை கிடையாது. எடுத்து வளர்த்தவங்களும் வைக்கல. எங்கயும் எழுதாத பிள்ளை. போக இடமில்லாம, வயசு மட்டும் ஏறிகிட்டே சுத்துது."

"நான் எழுதி வைக்கிறேன்."

"உன் மாமனார் பலகைக்குப் பக்கத்துலயா? ஊரே கூடிடும்." டோஃபு ஒன்று கூடுதலாக வைத்தாள். "மொத நாளே எனக்குத் தெரிஞ்சது. தண்ணி கேக்குற பூ மரத்துல இல்ல, கீழ கிடந்துச்சு. சொல்ல வாய் வரல."

ஜூன் 2

சாடிப் பக்கத்தில் சுன் ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்கிறாள். நான் சொல்லவில்லை. மதியத்துக்குப் பிறகு காலி, அடியில் உப்புப் படிந்திருக்கிறது. பூனை என்கிறார் தியென்-சாய். பூனை உப்பை விட்டுப் போகுமா?

ஜூன் 20

சுன் என்னை அம்மா என்றாள். தவறி வந்துவிட்டது போல வாயைப் பொத்திக்கொண்டாள். போங்-யாவ் சிரித்து உருண்டாள். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன், இன்னொரு தடவை வரட்டும் என்று.

ஆகஸ்ட் 8

கல்வாழை பூத்துவிட்டது. சிவப்பு. அத்தை தொட்டியைத் தூக்கிக் கொல்லையில் வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 14

விடியற்காலையில் பெண். நன்றாக இருக்கிறாள். சுண்டுவிரல் நகம் பிளந்திருக்கிறது.

அக்டோபர் 26

நல்லெண்ணெய்க் கோழிக் குழம்பு வாசனையே இனி ஒரு வருஷத்துக்கு வேண்டாம். பெற்றவளுக்குப் பத்தியம் என்று ஒரு மாதம் அத்தை வாயைத் திறக்காமல் சமைத்துப் போட்டாள். நானும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டேன்.

இன்றோடு நாற்பத்திரண்டு நாள். மதியம் தரகுக்காரி வந்தாள், அதே தரகுக்காரி, இப்போது முன்பல் இல்லை. "தோஃபென் பக்கம் நல்ல வீடு, பசியே தெரியாது" என்று ஆரம்பித்தாள். அத்தை என் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். "பெரியதை வேணா…" என்று சுன் பக்கம் திரும்பினாள். முடிக்கவில்லை.

நான் கண்ணை மூடினேன். அவ்வளவுதான். தலையைச் சற்றே கவிழ்த்து, மேசையில் விரலால் ஒரு தட்டு தட்டினேன்.

அத்தை எழுந்து நின்றது கேட்டது. "போயிட்டு வா" என்றாள் தரகுக்காரியிடம். "இந்த வீட்டுல குடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

கண்ணைத் திறந்தபோது தரகுக்காரியின் குடை தெருமுனையில் போய்க்கொண்டிருந்தது. ஏமாற்றத்தான் கண்ணை மூடினேன். தட்டியது ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். சுன் மூன்று தடவை என்கிறாள்.

நவம்பர் 8, ஞாயிறு

குடித்தனக் கணக்கெடுக்க ஸ்டேஷனிலிருந்து புதுப் போலீஸ்காரர் வந்தார். இளவயது, கடலுக்கு அப்பாலிருக்கும் பெரிய நாட்டிலிருந்து வந்தவர். எங்கள் பேச்சு அவருக்குப் புரியாது, அவர் பேச்சு எங்களுக்கு. போங்-யாவுக்குப் பள்ளியில் அந்த மொழிதான், அவளை முன்னால் நிறுத்தினோம். மழையில் நனைந்த நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றார், உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை.

தியென்-சாய் பெயர், வேலை, வயது. அத்தை பெயர். என் பெயர். எல்லாம் எழுதினார்.

"பொண்ணுங்க எத்தனைன்னு கேக்குறாரு" என்றாள் போங்-யாவ்.

"நாலு" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது.

போங்-யாவ் என்னைப் பார்த்தாள். ஆனாலும் அவரிடம் சொன்னாள். அவர் பேனாவை நீட்டி எண்ணினார்: போங்-யாவ், கதவைப் பிடித்து நின்ற சுன், என் மடியில் சின்னது. மூன்று விரலைக் காட்டி ஏதோ கேட்டார்.

"மூணுதானே இருக்கு, தப்பா சொல்றீங்களாங்கறாரு."

கையை மட்டும் தூக்கி நான்கு விரல் காட்டினேன். அவர் தலையைச் சொறிந்தார். தப்பான எண்ணை எழுதினால் அவருக்குத் திட்டு விழும், பாவம். மூன்று என்று எழுதப் பேனாவை வைத்தார்.

அத்தை உள்ளே கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து வந்தது எனக்குத் தெரியவில்லை. என் தோளைத் தாண்டி அவள் ஈரக்கை வந்தது. நான்கு விரல். அவர் முகத்துக்கு நேராக நீட்டி, எழுதும் வரை எடுக்க மாட்டேன் என்பது போல வைத்திருந்தாள்.

"பேர் கேக்குறாரு" என்றாள் போங்-யாவ்.

தன் பெயரைச் சொன்னாள், சுன் பெயரைச் சொன்னாள், சின்னவள் பெயரைச் சொன்னாள். அவர் பேனா அடுத்த வரியில் காத்திருந்தது.

"லான்" என்றாள் அத்தை.

ஆறு வருஷத்தில் அந்தப் பெயரை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. போலீஸ்காரருக்குப் பிடிபடவில்லை, திரும்பச் சொல்லச் சொன்னார். அத்தை திரும்பச் சொன்னாள், மெதுவாக, பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது போல. அவர் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.